பெகோ பாதையில் ஒரு பகல்

நடக்காமல் இருப்பதற்காகத்தான் மனிதன் வண்டியைக் கண்டுபிடித்தான். பிறகு ரயிலையும் மோட்டாரையும் ஆகாய விமானத்தையும் கண்டுபிடித்தான். இவ்வளவையும் கண்டுபிடித்து முடித்த பின்னர், கைப்பணம் செலவழித்துக் கடல் கடந்து போய், காலில் கொப்புளம் காணும்வரை நடப்பதில் ஒரு தனி ஆனந்தம் இருக்கிறதென்றும் கண்டுபிடித்திருக்கிறான். அந்த ஆனந்தத்தை அநுபவிக்கும் பொருட்டு, 2024-ஆம் வருஷம் மே மாத விடுமுறையில், நீலகிரி மலையிலுள்ள எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் எட்டுப் பேர் இலங்கைக்குப் பிரயாணமானோம்.

எட்டுப் பேரையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க இடம் போதாது. தேகப் பயிற்சி ஆசிரியர் எங்கள் தளபதி. கணித ஆசிரியர், வழி நெடுகத் தம் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தவர். யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறிவிட்டதென்று கோபித்துக் கொள்வார். தமிழ்ப் பண்டிதர், மலையேறுவதற்கும் வேஷ்டியே உகந்த உடை என்று வாதித்து, அட்டைகளைக் கண்ட பிறகு அந்தக் கட்சியைக் கைவிட்டவர். விஞ்ஞானம் போதிக்கும் அம்மையார், உப்புப் பொட்டலமும் சோப்புத் துண்டும் கொண்டு வந்து எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் காப்பாற்றியவர். சரித்திரம் போதிக்கும் நான் எப்போதும் வரிசையின் கடைசியில் வந்தவன்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 'பெகோ பாதை' என்று ஒரு நெடும்பாதை ஏற்பட்டிருக்கிறது. கண்டி நகருக்கு அருகே, ஹந்தானையிலுள்ள தேயிலைக் காட்சிசாலையில் அது தொடங்குகிறது. ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல முதலிய ஊர்ப்புறங்களின் வழியாக வளைந்து வளைந்து சென்று நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலங்கையில் குடியேறி வாழும் ஸ்பானியர் ஒருவர் மனத்தில் உதித்த யோசனை இது. ஐரோப்பிய யூனியனும் அமெரிக்க அரசாங்கமும் பொருளுதவி செய்தன. ஆனால் பாதை ஒன்றும் புதிதன்று. தோட்டங்கள் உண்டான காலத்தில் குதிரையும் மாட்டு வண்டியும் தலைச்சுமையும் போய்வந்த வழிகளையே ஒன்றோடொன்று கோத்து, பெயர் சூட்டி, நடப்பவர்களுக்கு வரைபடம் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

'பெகோ' என்பது சீனர்களிடமிருந்து வந்த சொல். இளந் தேயிலை அரும்பின்மேல் வெள்ளிப் பூச்சுப் போலக் காணும் மெல்லிய வெண்மயிர் என்பது அதன் பொருள். தேயிலை வியாபாரிகள் அதைத் தரத்தின் பெயராக்கினார்கள். இப்போது அது ஒரு பாதையின் பெயராகவும் ஆயிற்று.

மற்ற ஏழு பேரும் ஆனந்தத்துக்காக நடக்க வந்தவர்கள். எனக்கு மட்டும் ஒரு காரியம் இருந்தது.

என் தாயார் இந்தப் பாதை செல்லும் மலைகளுள் ஒன்றில் பிறந்தவர். கலஹாவுக்கும் லூல்கந்துராவுக்கும் இடையே ஏதோ ஒரு தோட்டம். 1973-இல், பதினெட்டாவது வயதில், அங்கிருந்து புறப்பட்டு வந்தார். அவராக விரும்பி வரவில்லை. 1948-இல் இலங்கைப் பார்லிமெண்ட் நிறைவேற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லர் என்று ஆயிற்று. 1964-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு யோசிப்பது என்பது ஏற்பாடு. அந்த மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டன. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள், "அவர்களைக் கேட்டார்களா, ஸார்?" என்று கேட்பார்கள். கேட்கவில்லை என்பதே பதில்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று ஜனங்கள் பெயரிட்டார்கள். அப்பா ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த ஸ்டேஷன்களில் வேறு என்ன பெயர் தோன்றும்? வந்தவர்களில் பலருக்குத் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான். தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் நீலகிரியில் அவர்களுக்காகவே தேயிலை பயிரிட்டது. என் தாயாரும் அங்கேதான் வந்து சேர்ந்தார். கொழுந்து பறித்தே என்னைப் பட்டதாரியாக்கினார்.

நான் இலங்கைக்குப் போகிறேன் என்றதும் அம்மா அதிகம் பேசவில்லை. புறப்படும் அன்று காலையில், "லயத்துக்கு மேலே ஒரு பீலி இருந்துச்சு. தண்ணி இன்னும் விழுதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். பீலி என்பது மலை ஊற்றை ஒரு குழாயின் வழியே விழச் செய்திருக்கும் இடம். குளிப்பதும், துவைப்பதும், குடத்தில் பிடிப்பதும், ஊர் வம்பு பேசுவதும் அங்கேதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர் ஒன்று. பதிவேட்டிலும் வரைபடத்திலும் இருப்பது அது. தமிழர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர் மற்றொன்று. அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டாவது பெயர் மட்டுமே. நான் வாங்கிய வரைபடங்களில் எல்லாம் தேடினேன். அந்தப் பெயர் எதிலும் இல்லை.

கண்டியிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறினோம். கலஹா ரஸ்தா பேராதனைச் சர்வகலாசாலையின் ஊடாகவே செல்கிறது. விசாலமான மரங்களையும் கட்டிடங்களையும் கடந்து, மலைச் சரிவில் சுற்றிச் சுற்றி ஏறிக் கலஹாக் கடைத்தெருவில் இறங்கினோம். ஒரு தேநீர்க் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, வெறுந் தேத்தண்ணீர் குடித்தோம். பால் கலவாத தேநீரைப் பண்டிதர் முதலில் சந்தேகத்துடன் பார்த்தார். பிறகு இரண்டாவது கோப்பை கேட்டார்.

நாங்கள் தெரிந்தெடுத்தது பாதையின் இரண்டாம் பகுதி. கலஹாவிலிருந்து லூல்கந்துராவரை, ஒரு பகல் முழுதும் நடக்க வேண்டியது. கடைத்தெருவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. நீலகிரிக்காரர்களுக்குத் தேயிலையில் என்ன புதுமை என்று கேட்கலாம். புதுமை இல்லாததுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. அதே பச்சை, அதே சில்வர் ஓக் மரம், காலை வெயிலில் ஈர மண்ணிலிருந்து எழும் அதே வாசனை. மண் சரியாமல் இருக்கக் கல் அடுக்கிய வரப்புகளையும், மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான்களையும் கண்டபோது, வீட்டுக்குப் பின்புறம் போலவே இருந்தது. கல்லை அடுக்கிய கைகள் நூறு வருஷத்துக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. வரப்பு அப்படியே நிற்கிறது.

பத்து மணி சுமாருக்குத் தளபதியின் வேகம் குறைந்தது. பதினொரு மணிக்கு அவர், "இயற்கைக் காட்சியை ரசிக்க வேண்டாமா?" என்று சொல்லி ஒரு பாறையின்மேல் உட்கார்ந்தார். நாங்களும் ரசித்தோம். கீழே பள்ளத்தாக்கில் வெண்மேகம் கிடந்தது. எதிர் மலையில் வரிசையாகப் பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்பது கணக்கு. கண் ஒரு செடியில் இருக்கும்போதே கை அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. தளபதி தம் கைப்பேசியை எடுத்து அவர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

பாதைக்குச் சமீபத்தில் இருந்த பெண் ஒருத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம், "பிடிச்சிட்டுப் போகட்டும். வெள்ளைக்காரங்களாச்சும் ரெண்டு காசு குடுப்பாங்க" என்றாள். எங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. எட்டு உபாத்தியாயர்களும் வகுப்பில் பிடிபட்ட பையன்களைப் போல் நின்றோம். தளபதி கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விஞ்ஞான அம்மையார்தான் முன்னே போய், "கேக்காம எடுத்தது தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் மாறிப் போயிற்று. "அட, நம்ம ஆளுங்க! இந்தியாவா டீச்சர்?" என்று நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பறித்த கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கியதால் கை மட்டும் நிற்கவில்லை. குறித்த எடை பறிக்காவிட்டால் 'அரைப் பேர்' தான் விழும். அதாவது பாதி நாள் கூலி. முழுப் பேருக்கு அப்போது நாளொன்றுக்கு 1,000 இலங்கை ரூபாய். நம் பணத்தில் சுமார் 280 ரூபாய். அதே வருஷம் செப்டம்பரில் அது 1,350 ஆக உயர்ந்தது.

நான் தயங்கித் தயங்கி, அம்மா சொன்ன பெயரைச் சொன்னேன். அரை விநாடிகூட ஆகவில்லை. "அந்தா தெரியுதே, அந்த ரெண்டு மரத்துக்குக் கீழே. குறுக்கால போனா அரை மணி" என்று கை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பெண். எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் அவள் விரல் நுனியில் இருந்தது.

பாதையை விட்டு விலகினால் லூல்கந்துராவை இருட்டுவதற்குள் அடைவது கடினம். நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். கணித ஆசிரியர், "கணக்கு எப்படியும் தவறிவிட்டது. வாரும், எல்லோரும் போவோம்" என்றார். காலில் கொப்புளம் கண்டிருந்த பண்டிதர்தான் முதலில் எழுந்தார். அன்று அவர்கள் எனக்குச் செய்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன்.

பழைய லயம் இன்னும் இருந்தது. ஒரே நீளக் கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பம். சில வாசல்களில் சிமெண்டுத் திண்ணையும் புதிய தகரமும் சேர்ந்திருந்தன. மேட்டுக்கு ஏறினோம். அங்கே பாறை இடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக் கொண்டிருந்தது. அதிலிருந்து கை மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் விழுந்து கொண்டிருந்தது. கீழே துவைகல். பல தலைமுறை துவைத்ததில் நடுவே குழிந்து போயிருந்தது. நான் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். பல் கூசும்படியான குளிர்ச்சி.

துவைகல்லுக்கு அருகே ஒரு மூதாட்டியார் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் தாயாரின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லையே தம்பி. அந்த வருசங்கள்ல எத்தனையோ குடும்பம் போச்சு. ஒரு நாளைக்கு ஒரு காம்பரா காலியாகும்" என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பீலி இருக்கிறது, அம்மாவை அறிந்தவர் இல்லை.

பிறகு அவர் என்னைக் கேட்டார். "நீ எந்தப் பக்கம் தம்பி?"

"நீலகிரி, பாட்டி."

குழந்தையைத் துவட்டிய கை நின்றுவிட்டது. "கூடலூர் அங்கதானே?"

அவருக்கு ஒரு தமக்கை. தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்தார். மருமகன் இந்தியாவுக்குக் கொடுத்தார். ஆகவே 1974-இல் தமக்கை, புருஷனோடும் இரண்டு ஆண் குழந்தைகளோடும் கோச்சி ஏறினார். கூடலூர்ப் பக்கம் தேயிலையில் வேலை கிடைத்திருப்பதாக ஒரு கடிதம் வந்தது. வீடு கட்டிக் கொண்டிருக்கிறோம் என்று இரண்டாவது கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. ஐம்பது வருஷம் ஆகிறது.

"அக்காவைப் பாத்திருக்கியா தம்பி?" என்று கேட்டார்.

கேள்வி கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்தவன் நான். என்னிடம் ஒருவர் கேட்பார் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கூடலூர்த் தாலூகாவில் எத்தனை மலை, எத்தனை குடும்பம் என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெயர்களை எழுதிக் கொண்டேன். "அடையாளம் ஏதாவது உண்டா, பாட்டி?" என்றேன். "இடது கால் பெருவிரல்ல நகம் இருக்காது. சின்னப் புள்ளையில கொழுந்துக் கூடையோட வர்றப்ப, நீங்க வந்தீங்களே அந்தப் பாதையிலதான், கல்லு உருண்டு விழுந்துச்சு" என்றார்.

பாதையை மறுபடி பிடித்தபோது பிற்பகல் இரண்டு மணி. மழை பிடித்துக் கொண்டது. அட்டைகள் புல் நுனிகளில் எழுந்து நின்று எங்களை வரவேற்றன. யாரும் ஹாஸ்யம் பேசவில்லை. நான் என் கால்களையும் பாதையின் கற்களையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ரயில் போடுவதற்கு முந்திய காலத்தில் இந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கரைவரை நடந்து, தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காட்டுச் சுரத்திலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். என் பாட்டனாரின் பாட்டனார் அப்படி வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 2023-இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, சுமார் 250 கிலோமீட்டர், ஒரு பெருநடை நடந்தது. ஜூலை 28-ஆந் தேதி புறப்பட்டு ஆகஸ்டு 12-ஆந் தேதி போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் வந்து சேரப் பிடித்த நேரம் சுமார் ஒரு மணி.

மாலை மயங்கும் சமயத்தில் லூல்கந்துராவை அடைந்தோம். இலங்கைத் தேயிலையின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1852-இல் பதினாறு பதினேழு வயது வாலிபனாக வந்து சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர், 1867-இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது இலங்கை முழுவதும் காப்பித் தோட்டந்தான். இரண்டு வருஷம் கழித்து, 1869-இல், காப்பி இலையில் ஒரு காளான் நோய் தோன்றிற்று. அது பரவிக் காப்பியை அழித்தது. டெய்லர் நட்ட செடி அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. அவருடைய வீட்டின் புகைபோக்கி மட்டும் இடிந்த சுவர்களுக்கு நடுவே நிற்கிறது. மலையின்மேல் அவர் உட்கார்ந்து பார்த்த கல் ஆசனம் இருக்கிறது. மறுநாள் காலையில் அதையும் போய்ப் பார்த்தோம்.

நாற்பது வருஷம் ஒரே தோட்டத்தில் உழைத்த அந்த மனிதரை, கடைசியில் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் போக மறுத்தார். 1892-ஆம் வருஷம் மே மாதம் 2-ஆந் தேதி அங்கேயே இறந்தார். கனத்த சரீரம். இருபத்து நான்கு பேர் இரண்டு அணியாக மாறி மாறிக் கண்டிவரை சுமந்தார்கள் என்றும், தோட்டத்து ஜனங்கள் பின்னால் நடந்தார்கள் என்றும் சொல்லுவார்கள். கண்டியில் மஹய்யாவ மயானத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் பெயர், வயது, இறந்த தேதி, தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவரே முன்னோடி என்ற செய்தி எல்லாம் அதில் பொறித்திருக்கின்றன. அது நியாயமே, அவர் உழைத்தவர். பத்தொன்பது ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பெயரும், தோள் மாற்றிச் சுமந்த இருபத்து நால்வரின் பெயரும் நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை. என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு பெயர் அன்றிரவு எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து வாசற்படி ஏறுமுன் அம்மா கேட்டார்: "விழுதா?"

"விழுகிறது அம்மா. குடித்தேன்."

"ஜில்லுனு இருந்துச்சா?"

"பல் கூசிற்று."

அம்மா தலையை அசைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். சற்றுப் பொறுத்து, அந்த மூதாட்டியாரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "என் பீலியைப் பாத்துட்டு வந்துட்டே. அந்தம்மா கேட்டதை எப்பப் பாக்கப் போறே?"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதன்பின் வந்த விடுமுறைகளில் கூடலூர்ப் பக்கத்து மலைகளில் பலமுறை நடந்தேன். இந்த நடைக்கு வரைபடம் கிடையாது. போகிற இடமெல்லாம் வயதானவர்கள் கூடுகிறார்கள். தங்கள் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொல்லுகிறார்கள். அங்கே விட்டு வந்தவர்களைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள். இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. தேடுகிற பெயர் மட்டும் இன்னும் அகப்படவில்லை.

ஆகையால் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, 1974-இல் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து புருஷனோடும் இரண்டு ஆண் குழந்தைகளோடும் வந்து, கூடலூரில் குடியேறிய அம்மையார் யாரேனும் இருந்தால், அவர்களுடைய இடது காலைத் தயவு செய்து பாருங்கள். பெருவிரலில் நகம் இல்லையானால், பத்திரிகாலயத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். தங்கை பீலிக்கரையில் காத்திருக்கிறார்.